67 வயதுக்குப் பிறகு வந்த கால்ஷீட்

1896 ஜனவரியில் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில் 'தி பிரிசனர் ஆஃப் செண்டா' நாடகம் மேடையேறியது. ஜார்ஜ் அலெக்ஸாண்டரின் கம்பெனி. ராஜாவின் சிம்மாசனத்துக்குக் குறிவைக்கும் வில்லன் பிளாக் மைக்கேலாக நடித்தவருக்கு அப்போது 32 வயது. 41 வருஷம் கழித்து, 1937இல், ஹாலிவுட்டில் அதே கதை படமானபோது அதே ஆள் செட்டில் இருந்தார். இந்தத் தடவை ராஜவிசுவாசியான கிழட்டு கர்னல் சாப்ட் வேடம். பிளாக் மைக்கேலாக நடித்தவர் ரேமண்ட் மேஸி. அவருக்கு வேடம் சரியாகப் பிடிபடவில்லை. பெரியவரிடம் போய் யோசனை கேட்டிருக்கிறார். "இதோ பார் ரே, இந்தக் கதையில் இளவரசி ஃபிளாவியாவைத் தவிர எல்லா வேஷமும் நான் கட்டியாயிற்று. இந்த பிளாக் மைக்கேல்தான் எப்போதும் தகராறு" என்றாராம் பெரியவர்.

அந்தப் பெரியவர் சி. ஆப்ரே ஸ்மித். அடர்ந்த புருவம், மீசை, நெடுநெடு உயரம், விறைத்த முதுகு. 1930களின் ஹாலிவுட் படங்களில் ஒரு பத்துப் படம் பார்த்தவர் இந்த முகத்தைத் தவறவிட்டிருக்க முடியாது. பெயர்தான் தெரிந்திருக்காது. குணச்சித்திர நடிகர்களின் தலையெழுத்து அது.

ஸ்மித் முதன்முதலாக சினிமா கேமரா முன் நின்றது 1915இல், ஐம்பதைத் தாண்டிய பிறகு. அடுத்த பதினைந்து வருஷம் சினிமாவில் அவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. 67 வயதில் பேசும் படத்தில் நுழைந்தார். அப்புறம் 85 வயதில் சாகும்வரை கால்ஷீட்டுக்குக் குறைவே இல்லை. இது எப்படி நடந்தது? வழக்கமாகச் சொல்லப்படும் பதில், "அவர் நிஜத்தில் எப்படியோ அப்படியே படத்திலும் வந்துவிட்டுப் போனார்" என்பது. அவர் வாழ்க்கையை வருஷவாரியாக எடுத்து வைத்துப் பார்த்தால் இந்தப் பதில் நிற்பதில்லை.

மூலைக்குப் பின்னாலிருந்து வருகிறவர்

1863 ஜூலை 21, லண்டனில் பிறந்தார். அப்பா டாக்டர். சார்ட்டர்ஹவுஸ் பள்ளி, பிறகு கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி. படிப்பைவிடக் கிரிக்கெட்டில்தான் பெயர் வாங்கினார். 1882இலிருந்து இங்கிலாந்தின் மாவட்ட அணிகளில் ஒன்றான சசெக்ஸுக்கு ஆடினார். 1887 முதல் 1889 வரை அதன் கேப்டன்.

வேகப்பந்து வீச்சாளர். ஆனால் அவர் பந்து போட ஓடிவரும் விதம் யாருக்கும் பிடிபடாதது. ஒரு பந்துக்கு மிட் ஆஃப் பக்கத்திலிருந்து சாய்வாகப் புறப்படுவார். அடுத்த பந்துக்கு நடுவரின் முதுகுக்குப் பின்னால் ஆளே மறைந்துபோய், திடீரென்று வெளியே வந்து கையைச் சுழற்றுவார். பேட்ஸ்மேனுக்குக் கடைசி நொடிவரை ஆள் எங்கே என்று தெரியாது. 'மூலைக்குப் பின்னாலிருந்து வரும் ஸ்மித்' என்று பட்டப்பெயர் விழுந்தது. பந்துவீசும் கோட்டருகே இந்த மனிதர் சட்டென்று முளைப்பது பயமுறுத்துகிறது என்று அந்தக் காலக் கிரிக்கெட் ஜாம்பவான் டபிள்யூ. ஜி. கிரேஸே சொல்லியிருக்கிறார். பின்னாளில் பெவர்லி ஹில்ஸ் பக்கம் வீடு கட்டியபோது அதற்கு அந்தப் பட்டப்பெயரை ஒட்டியே பெயர் வைத்தார் ஸ்மித். கூரையில் காற்று திசைகாட்டியாக மூன்று ஸ்டம்பும் மட்டையும் பந்தும்.

1888-89இல் ஆங்கிலேய அணி ஒன்று முதன்முறையாகத் தென்னாப்பிரிக்கா போனது. கேப்டன் ஸ்மித். 1889 மார்ச் 12ஆம் தேதி போர்ட் எலிசபெத்தில் ஆட்டம். முதல் இன்னிங்சில் தென்னாப்பிரிக்கா 84 ரன்னில் சுருண்டது. ஸ்மித் 19 ரன் கொடுத்து 5 விக்கெட். இரண்டாவது இன்னிங்சில் இன்னும் இரண்டு. 8 விக்கெட் வித்தியாசத்தில் இரண்டே நாளில் ஜெயித்தார்கள். கேப்டவுனில் நடந்த அடுத்த ஆட்டத்துக்குள் ஸ்மித் காய்ச்சலில் படுத்துவிட்டார். மாண்டி பவுடன் என்ற இளைஞர் கேப்டனானார். இந்த ஆட்டங்களுக்கு டெஸ்ட் அந்தஸ்து பிற்பாடுதான் வந்தது. ஆடியவர்களுக்குத் தாங்கள் டெஸ்ட் ஆடுகிறோம் என்றே தெரியாது. ஆடிய ஒரே டெஸ்டில் இங்கிலாந்துக்குக் கேப்டனாக இருந்தவர் என்ற சாதனை இன்றும் ஸ்மித்திடம் மட்டும்தான் இருக்கிறது.

அணி ஊர் திரும்பியது. ஸ்மித்தும் பவுடனும் திரும்பவில்லை. தங்கக் காய்ச்சல் பிடித்திருந்த ஜோஹன்னஸ்பர்க்கில் இருவரும் சேர்ந்து பங்குத் தரகுத் தொழில் தொடங்கினார்கள். ஸ்மித் தங்கமும் தேடினார். நிமோனியா வந்து, டாக்டர்கள் கைவிரித்து, ஆள் போய்விட்டார் என்றே முடிவுகட்டி, பத்திரிகையில் இரங்கல் செய்திகூட வந்துவிட்டது. பிழைத்து எழுந்து அதைத் தானே படித்த கொஞ்சம் பேரில் இவர் ஒருவர். பவுடனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை; 1892இல், 26 வயதில், ரொடீஷியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) இறந்தார். ஸ்மித் லண்டன் வந்து மேடையேறினார்.

முப்பதைத் தொடும் இந்த ஆளைக் கொஞ்சம் கவனியுங்கள். படித்த படிப்புக்கு வேலை பார்க்காமல், தங்கத்தின் பின்னால் போய், செத்துப் பிழைத்து வந்து, நாடகக் கம்பெனியில் வில்லன் வேஷம் கட்டுகிறார். தொழில்முறை ராணுவக்காரர் இல்லை, பிரபு வம்சமும் இல்லை. கர்னல், ஜெனரல், டியூக், ஏர்ல் என்று பின்னாளில் திரையில் வந்த அந்தக் கிழவர்களில் ஒருவரோடும் இவருக்கு ஒட்டு இல்லை.

ஊமைப்பட வருஷங்கள்

இந்தக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1915இல் அமெரிக்காவில் எடுத்த 'தி பில்டர் ஆஃப் பிரிட்ஜஸ்' முதல் படம். மேடையில் அவர் பெயர் பெற்றிருந்த நாடகத்தின் திரை வடிவங்கள் மாதிரியான படங்களுக்குத்தான் அப்போது இவரைப் போன்ற நடிகர்களைக் கூப்பிடுவார்கள். பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக அமெரிக்க, பிரிட்டிஷ் படங்கள். மேடையில் இவருடைய சொத்து குரல். ஊமைப்படத்தில் அந்தக் குரலை அட்டையில் எழுதிக் காட்டினால் என்ன மிஞ்சும்? உயரமான ஒரு மனிதர், அவ்வளவுதான். புருவம்கூட இன்னும் முழுசாக நரைக்கவில்லை.

ஒரு படத்தை மட்டும் விட்டுவிட முடியாது. 1920இல் நடிகர் லெஸ்லி ஹோவர்ட், இயக்குநர் ஏட்ரியன் புரூனல் ஆகியோரோடு சேர்ந்து லண்டனில் மினர்வா ஃபிலிம்ஸ் என்ற சின்னக் கம்பெனியில் இறங்கினார் ஸ்மித். ஏ. ஏ. மில்ன் கதை எழுதிக் கொடுத்தார். வின்னி என்ற கரடியை அவர் படைப்பதற்குச் சில வருஷம் முன்பு. அப்படி வந்த குறும்படங்களில் ஒன்று 'தி பம்ப்'. கண்காணாத தேசங்களில் எல்லாம் வழி கண்டுபிடித்த பெரிய பயண வீரர் ஒருவர், லண்டன் தெருவில் வழி தெரியாமல் தவிப்பதுதான் கதை. அந்த வீரர் ஸ்மித். ஆப்பிரிக்கா போய்வந்த மனிதரைக் கொண்டே சாம்ராஜ்ய வீரனைக் கிண்டல் செய்திருக்கிறார்கள் பாருங்கள். ஹாலிவுட் இந்த அச்சை வாங்கி விற்பதற்குப் பத்து வருஷம் முன்பே, அது அச்சுதான் என்று ஸ்மித்துக்குத் தெரிந்திருக்கிறது. கம்பெனி வெகுநாள் ஓடவில்லை.

மைக் வந்த பிறகு

1928இல் நியூயார்க் பிராட்வேயில் 'தி பேச்சிலர் ஃபாதர்' என்ற நாடகம். கல்யாணம் ஆகாமலே ஊர் ஊராகப் பெற்றுப்போட்ட பிள்ளைகளை, வயதான காலத்தில் தேடிக் கூட்டிவரும் ஒரு பிரிட்டிஷ் கனவான். வேடம் ஸ்மித்துக்கு. எம்ஜிஎம் அதை வாங்கி, மேரியன் டேவிஸைக் கதாநாயகியாகப் போட்டு, 1931இல் படமாக வெளியிட்டபோது கனவான் வேடத்துக்கு ஆளை மாற்றவில்லை.

ஹாலிவுட் அப்போது இருந்த நிலைமையை யோசித்தால் மற்றது தானாகப் புரியும். படம் பேச ஆரம்பித்து மூன்று நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. வசனத்தைத் தெளிவாக, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி, அதேசமயம் மைக்கைக் கிழிக்காமல் பேசத் தெரிந்தவர்கள் வேண்டும். ஸ்டுடியோக்கள் மேடை நடிகர்களை வாரிக்கொண்டு போயின. இரண்டாவது விஷயம் வியாபாரம். அமெரிக்காவுக்கு வெளியே ஹாலிவுட்டுக்கு அதிக வசூல் கொடுத்த சந்தை பிரிட்டன். அந்த ஊர் ரசிகனுக்குக் காதில் உறுத்தாத உச்சரிப்பு படத்தில் எங்கேயாவது இருந்தாக வேண்டும். கதாநாயகன் கேரி கூப்பராக இருக்கலாம். பக்கத்தில் நிற்கும் மேஜர் அசல் ஆங்கிலேயராக இருந்தால் படம் லண்டனிலும் ஓடும். மூன்றாவது, வயது. 67 வயதில் இந்தப் புருவத்தோடும் இந்த முதுகோடும் நிற்கக்கூடிய, வசனம் மறக்காத, சொன்ன நேரத்துக்கு வரக்கூடிய ஆள் எத்தனை பேர் கிடைப்பார்கள்?

1932இல் மட்டும் டார்ஜானின் ஜேனுக்கு அப்பா, மொரீஸ் ஷெவாலியே பாடித்திரிந்த 'லவ் மி டுநைட்' படத்தில் டியூக், இன்னும் பல. அடுத்த வருஷம் கிரேட்டா கார்போ ராணி கிறிஸ்டினாவாக வந்த படத்தில் அவருடைய கிழட்டு வேலையாள். வேடம் எதுவானாலும் ரசிகனுக்கு முகத்தைப் பார்த்த அடுத்த நொடி ஆள் யார் என்று புரிந்துவிடும். நேர்மை, பரம்பரை, கொஞ்சம் முன்கோபம், உள்ளே ஈரம். அறிமுகக் காட்சி தேவையில்லை. திரைக்கதை எழுதுகிறவனுக்கு இரண்டு பக்கம் மிச்சம். துணை நடிகருக்கு ஸ்டுடியோ சம்பளம் கொடுப்பது பெரும்பாலும் இந்த மிச்சத்துக்குத்தான் என்று எனக்குத் தோன்றும்.

முகத்தை வைத்து ஏமாற்றுவது

இதை நன்றாகக் கவனித்தவர் இயக்குநர் எர்ன்ஸ்ட் லூபிட்ஷ். 1932இல் வந்த அவருடைய 'டிரபிள் இன் பாரடைஸ்' பாரீஸில் நடக்கும் திருட்டுக் கதை. வாசனைத் திரவியக் கம்பெனி ஒன்றின் இளம் முதலாளி அம்மாவிடம் கொள்ளையடிக்கத் தொழில்முறைத் திருடன் ஒருவன் செக்ரட்டரியாகச் சேர்கிறான். கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் அவனுக்கு முன்னாலேயே ஒருவர் வருஷக்கணக்காகக் கம்பெனியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். அது நிர்வாகக் குழுத் தலைவர் ஜிரோன். நாற்பது வருஷமாக அந்தக் குடும்பத்துக்கு வேண்டியவர். நடித்தவர் ஸ்மித்.

இந்தப் படத்தில் ஸ்மித் புதிதாக ஒன்றும் செய்வதில்லை. அதே விறைப்பு, அதே புருவம், அதே கணீர்க் குரல். ஒரு சின்னக் கண்சிமிட்டல்கூட இல்லை. சம்பளத்தைக் குறைக்கச் சொல்லி நிர்வாகக் குழுவில் அவர் வற்புறுத்துவதைப் பார்க்கும்போது, நியாயமான பெரிய மனிதர் கம்பெனி நன்மைக்குச் சொல்கிறார் என்றே நாம் நினைக்கிறோம். அவர் திருடர் என்று தெரிந்த பிறகும் முகம் மாறுவதில்லை, நாம்தான் மாறுகிறோம். கடைசியில், தெருவிலிருந்து வந்த திருடனைப் போலீஸ் தேடும். ஜிரோனை உள்ளே தள்ள யாருக்கும் மனசு வராது. பெரிய இடத்துப் பெயர் கெட்டுவிடுமே! திருடன் அதைக் கசப்போடு சொல்லியும் காட்டுகிறான். ஸ்மித்தின் முகம் இல்லாமல் இந்தக் காட்சி பாதிகூட எடுபட்டிருக்காது. 'தன்னையே நடித்தார்' என்கிறவர்கள் ஜிரோனை எந்தக் கணக்கில் வைப்பார்கள் என்று தெரியவில்லை.

மற்றவர்கள் முகத்தை நேராகவே பயன்படுத்தினார்கள். அதில் உச்சம் 1935இல் பாரமவுண்ட் வெளியிட்ட 'லைவ்ஸ் ஆஃப் எ பெங்கால் லான்சர்'. இந்தியாவின் வடமேற்கு எல்லை என்று காட்டப்பட்டதில் பெரும்பகுதி கலிபோர்னியாவில் லோன் பைன் ஊர்ப் பக்கத்துப் பாறைக்குன்றுகள். ஸ்மித் மேஜர் ஹாமில்டன். கர்னல் ஏன் இத்தனை கல்நெஞ்சக்காரராக இருக்கிறார் என்று கேரி கூப்பர் கொதிக்கும்போது ஹாமில்டன்தான் பதில் சொல்கிறார். இப்படி ஒரு கைப்பிடி ஆட்கள் இருப்பதால்தான் தலைமுறை தலைமுறையாக இங்கே 30 கோடிப் பேரை ஆள முடிகிறது என்பது சாரம். நம் தாத்தா பாட்டிகள் அந்த 30 கோடியில் இருந்தவர்கள். வேறு நடிகர் சொல்லியிருந்தால் வசனத்தின் திமிர் பளிச்சென்று தெரிந்திருக்கும். ஸ்மித் அதைக் குரலை உயர்த்தாமல், பேரப்பிள்ளைக்கு வீட்டு விஷயம் சொல்கிற தாத்தா மாதிரி சொல்கிறார். எரிச்சலோடுதான் பார்த்தேன், ஆனாலும் அந்தக் குரலின் வேலைத்திறனை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. படம் பெரும் வெற்றி. அதன் பின்னால் சாம்ராஜ்யப் படங்கள் வரிசையாகக் கிளம்பின. பட்டாளம் வந்தால் ஸ்மித்தும் வந்தார். 1937இல் சிறுமி ஷெர்லி டெம்பிளோடு ஜான் ஃபோர்டு எடுத்த 'வீ வில்லி விங்கி'யில் மறுபடி எல்லைப்புறம், இந்தத் தடவை கர்னல்.

இதற்கெல்லாம் பதில் மாதிரி ஒரு வேடம் 1939இல் வந்தது. லண்டனில் அலெக்ஸாண்டர் கோர்டா தயாரித்த வண்ணப்படம் 'தி ஃபோர் ஃபெதர்ஸ்'. ஸ்மித் அதில் ஓய்வுபெற்ற ஜெனரல் பரோஸ். விருந்துமேஜையில் யார் சிக்கினாலும் கிரிமியப் போரில் பாலக்லாவா சண்டைக் கதைதான். மேஜையில் கிடக்கும் கொட்டைகளை அள்ளி வைத்து "இதோ ரஷ்யர்கள். பீரங்கி, பீரங்கி, பீரங்கி!" என்பார். மேஜைவிரிப்பில் ஒயினால் சிவப்புக் கோடு இழுத்து பிரிட்டிஷ் காலாட்படை என்பார். பிறகு தான் தலைமை தாங்கிப் பாய்ந்த பெருமை. படத்தின் முடிவில் அதே மேஜை, அதே கொட்டைகள், அதே கதை. வருங்கால மாப்பிள்ளை மரியாதையாக ஒரு திருத்தம் சொல்கிறான்: நீங்கள் உத்தரவு கொடுக்கவே இல்லையே, குண்டுச் சத்தத்தில் குதிரை மிரண்டு ஓடியதில் படையும் பின்னால் ஓடிவிட்டது, அல்லவா? ஜெனரலின் முகம் தொங்கிவிடுகிறது. இனிமேல் அந்தக் கதையைச் சொல்லவே முடியாதே என்ற ஆத்திரம். 75 வயதில், தன் முதலீடான அந்த முழு முகத்தையும் ஸ்மித் இந்த ஒரு சிரிப்புக்காகப் போட்டு உடைக்கிறார். அவர் நடித்ததிலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.

கிரிஃபித் பார்க்

திரைக்கு வெளியே நடந்ததையும் சேர்த்தால்தான் கணக்கு முழுசாகும். 1932இல் ஸ்மித் ஹாலிவுட் கிரிக்கெட் கிளப்பைத் தொடங்கினார். நகைச்சுவை எழுத்தாளர் பி. ஜி. உட்ஹவுஸ் ஆரம்பக் கூட்டத்துக்குக் குறிப்பெடுத்தார். லாஸ் ஏஞ்சலஸ் கிரிஃபித் பார்க்கில் மைதானம். அதற்குப் புல்விதை இங்கிலாந்திலிருந்து வந்தது. ஃபிராங்கன்ஸ்டைனின் பூதமாக ஊரைப் பயமுறுத்திய போரிஸ் கார்லாஃப், நைஜல் புரூஸ், டேவிட் நிவன் எல்லாம் வெள்ளை உடையில் ஆஜர். அந்த வருஷமே வட அமெரிக்கா சுற்றி வந்த ஆஸ்திரேலிய அணியோடு டான் பிராட்மேனும் வந்து ஆடிவிட்டுப் போனார்.

கதைகள் ஏராளம். நடிகர் லாரன்ஸ் ஒலிவியே ஹாலிவுட் வந்து ஓட்டலில் பெட்டியை வைத்தால் ஒரு சீட்டு காத்திருந்ததாம்: நாளை வலைப்பயிற்சி, உங்களை அங்கே எதிர்பார்க்கிறேன். ஒலிவியே கார்லாஃபிடம் பூட்ஸ் கடன் வாங்கிக்கொண்டு போனாராம். இன்னொன்று, ஸ்லிப்பில் நின்ற ஸ்மித் கேட்சை விட்டுவிட்டு ஆட்டத்தை நிறுத்தி, தன் பட்லரைக் கூப்பிட்டுக் கண்ணாடி கொண்டுவரச் சொன்னது. வெள்ளித்தட்டில் கண்ணாடி வந்தது. மாட்டிக்கொண்டார். அடுத்த கேட்சையும் விட்டார். "முட்டாள்! படிக்கிற கண்ணாடியை அல்லவா கொண்டுவந்திருக்கிறான்!"

எவ்வளவு நிஜம், எவ்வளவு மெருகு என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இந்தக் கதைகள் பத்திரிகைக்காரர்கள் காதுக்குப் போய்க்கொண்டே இருந்தன என்பதுதான் முக்கியம். லண்டனில் இருந்தவரை ஸ்மித் நாடகக்காரர்களில் ஒருவர். அங்கே வீட்டில் பிரிட்டிஷ் கொடி ஏற்றினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஐந்தாயிரம் மைலுக்கு அப்பால், ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே கொடி ஏற்றினால் அது செய்தி. அசல் ஆங்கிலக் கனவான் என்ற சரக்கின் மதிப்பு ஊரைவிட்டு வந்த பிறகுதான் ஏறியது. அதை அவர் ஞாயிறு தவறாமல் மைதானத்தில் காட்டிக்கொண்டிருந்தார். கிரிக்கெட் பாசம் பொய் என்று சொல்ல வரவில்லை. 25 வயதில் ஒரே ஒரு டெஸ்டோடு நின்றுபோன ஆட்டக்காரருக்கு அந்த ஏக்கம் இருக்கத்தான் செய்யும். நிஜமான பாசமும் தொழிலும் ஒரே இடத்தில் வந்து பொருந்திக்கொண்டன.

இதற்கு விலையும் உண்டு. எழுபது வயதுக்கு மேல் புதுவித வேடம் என்பது அவருக்கு அபூர்வம். 1945இல் ரெனே கிளேர் இயக்கிய 'அண்ட் தென் தேர் வேர் நன்' படத்தில், மனைவியின் காதலனைச் சாவுக்கு அனுப்பிவிட்டுக் குற்றவுணர்வில் அழியும் ஜெனரலாக வருகிறார். கொஞ்ச நேரம்தான் வருகிறார், பேச்சும் குறைவு. விறைப்பு தளர்ந்தால் அந்த முகத்தில் என்னவெல்லாம் இருந்திருக்கிறது என்று தெரிகிறது. லூபிட்ஷும் கிளேரும் பார்த்ததை மற்ற ஸ்டுடியோக்காரர்கள் பார்க்காமல் போனதில் ஆச்சரியமில்லை. ஓடுகிற குதிரையை யார் மாற்றுவார்கள்?

1938இல் சிபிஇ என்ற பிரிட்டிஷ் அரசு விருது, 1944இல் சர் பட்டம். போர்க்காலத்தில் பிரிட்டனும் அமெரிக்காவும் கைகோத்து நின்ற நேரம் அது. திரையில் பிரிட்டனின் முகமாக இருந்தவருக்கு அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி ஆயிற்று. ஒருநாளும் பட்டாளத்தில் சம்பளம் வாங்காத ஜெனரலுக்கு.

1948 டிசம்பர் 20ஆம் தேதி பெவர்லி ஹில்ஸில் இறந்தார். மறுபடியும் நிமோனியா. 'லிட்டில் விமன்' படத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் லாரன்ஸாக அவர் நடித்து முடித்திருந்தார். அது 1949இல்தான் திரைக்கு வந்தது. அஸ்தியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், ஹோவ் ஊரில் செயின்ட் லியனார்ட்ஸ் தேவாலயத்துத் தோட்டத்தில், அவருடைய அம்மாவின் கல்லறையில் வைத்தார்கள். சசெக்ஸ் அணியின் மைதானம் இருப்பதும் அதே ஊரில்தான்.